பதின்மூன்றாம் எண் வீட்டு வெளிச்சம்

1812-இல் லண்டனில் ஒரு வீட்டுச் சுவரின் மீது வழக்கு வந்தது. லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸ் என்ற விசாலமான சதுக்கத்தின் வடக்கு ஓரத்தில் வீடுகளெல்லாம் செங்கல் முகத்தோடு, தோளோடு தோள் ஒட்டி, நூல் பிடித்தாற்போல் ஒரே கோட்டில் நின்றன. 13-ஆம் எண் வீட்டுக்காரர் மட்டும் தம் வீட்டை இடித்துவிட்டு, வெள்ளைப் போர்ட்லாந்து கல்லில் வளைவுகள் கொண்ட புது முகப்பை எழுப்பினார். அதையும் வரிசைக்குச் சில அடி முன்னால் தள்ளிக் கட்டினார். அந்த வட்டாரத்தின் கட்டடச் சர்வேயர் வில்லியம் கின்னார்டுக்கு இது பொறுக்கவில்லை. 1774-ஆம் ஆண்டுக் கட்டடச் சட்டத்தை மீறிய இடைஞ்சல் இது என்று நீதிபதிகளிடம் போனார்.

குற்றம் சாட்டப்பட்டவர் சட்டம் தெரியாத சாதாரண மேஸ்திரி அல்ல. இங்கிலாந்து வங்கியின் கட்டடக் கலைஞர், ராயல் அகாதமியில் கட்டடக் கலைப் பேராசிரியர், ஜான் சோன். அந்தச் சட்டத்தை வரைந்தவர்களாகச் சொல்லப்படுபவர்கள் இருவர். ஒருவர் ஜார்ஜ் டான்ஸ். பதினைந்து வயதில் சோன் தொழில் கற்கப் போய்ச் சேர்ந்தது அவரிடம்தான். மற்றவர் ராபர்ட் டெய்லர்; 1788-இல் அவர் இறந்ததால் காலியான வங்கிப் பதவியில்தான் சோன் வந்து உட்கார்ந்தார். குருவும் முன்னவரும் சேர்ந்து எழுதிய சட்டத்தில் சீடர் மாட்டிக்கொண்டார். ஆனால் வழக்கில் வென்றது சீடர்தான். முன்னால் வந்த பகுதி நின்றது அவருக்கே முழு உரிமையுள்ள மனையில். தெருவில் ஓர் அங்குலத்தைக்கூட அது தின்னவில்லை.

சில அடி கல்லுக்காகவா இத்தனை சண்டை? அந்தக் கோட்டின் பின்னால் ஒன்றரை நூற்றாண்டுக் கதை இருக்கிறது.

1666 செப்டம்பரில் லண்டன் எரிந்தது. ஏறத்தாழ 13,200 வீடுகள் சாம்பலாயின. மரச் சட்டங்களால் கட்டி, மாடிக்கு மாடி தெருப் பக்கம் துருத்திக்கொண்டிருந்த வீடுகள் அவை. எதிரெதிர் மாடிகளுக்கு நடுவே வானமே ஒரு கீற்றாகத்தான் தெரியும். மறு ஆண்டே நாடாளுமன்றம் மறுகட்டுமானச் சட்டம் கொண்டுவந்தது. வெளிச்சுவர் செங்கல்லோ கல்லோதான். தெருவின் தகுதிக்கேற்ப வீடுகள் நான்கு வகை: சந்துக்கு இரண்டு மாடி, நடுத்தரத் தெருவுக்கு மூன்று, பெருந்தெருவுக்கு நான்கு, பெரும் செல்வர்களின் மாளிகைக்கும் நான்குக்கு மேல் கிடையாது. எந்த மாடியில் சுவர் எத்தனை செங்கல் கனம் என்பது வரை சட்டமே சொன்னது.

அதன்பிறகு ஒவ்வொரு சட்டமும் முகப்பின் மேல் ஒரு கோடு கிழித்துவிட்டுப் போயிருக்கிறது. படிக்கத் தெரிந்தவருக்கு லண்டன் வீட்டின் முகம் ஒரு சட்டப் புத்தகம். கூரையோரம் வெளியே நீட்டிய மரக் கொடுங்கை தீயைப் பக்கத்து வீட்டுக்குக் கடத்துகிறது என்று 1707-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடைசெய்தது. சுவரையே கூரைக்கு மேல் உயர்த்திக் கைப்பிடிச் சுவராக முடித்தார்கள். சரிவுக் கூரை தெருவின் கண்ணிலிருந்து மறைந்தது. இரண்டு ஆண்டு கழித்து வந்த சட்டம், சன்னலின் மரச்சட்டம் சுவரின் முகத்திலிருந்து நான்கு அங்குலம் உள்வாங்கி இருக்க வேண்டும் என்றது. மேலும் கீழும் வழுக்கி நகரும் சன்னலின் எடைக்கட்டைகளை அடக்கிய மரப்பெட்டியையும் செங்கல்லுக்குப் பின்னால் ஒளித்துவைக்கச் சொன்னது 1774-ஆம் ஆண்டுச் சட்டம். முதல் காலத்து வீட்டில் தடித்த வெள்ளைச் சட்டம் சுவரோடு ஒட்டித் தெரியும்; கடைசிக் காலத்து வீட்டில் மெல்லிய கோடு மட்டும் குழிக்குள் தெரியும். ஜார்ஜிய வீட்டின் அழகு என்று இன்று கொண்டாடப்படும் அந்த அடக்கத்தில் பாதி, தீயணைப்பு யோசனையின் பக்க விளைவு.

அந்த 1774-ஆம் ஆண்டுச் சட்டம் வீடுகளைத் தரம் பிரித்தது. 850 பவுண்டுக்கு மேல் மதிப்பும், தரைத்தளம் 900 சதுர அடிக்கு மேலும் இருந்தால் முதல் தரம். 150 பவுண்டுக்குக் கீழ், 350 சதுர அடிக்குள் என்றால் நான்காம் தரம். நடுவில் இரண்டு. ஒவ்வொரு தரத்துக்கும் அஸ்திவாரம், சுவர்க்கனம், பொதுச்சுவர் எல்லாம் கணக்கு. விதியைக் கண்காணிக்க வட்டாரத்துக்கு ஒரு சர்வேயர். கின்னார்டின் உத்தியோகம் பிறந்த இடம் இதுதான். கட்டுமானம் மேம்பட்டது, ஆனால் தெருவுக்குத் தெரு ஒரே முகம். சலித்துப்போனவர்கள் பிற்பாடு இதற்குக் 'கறுப்புச் சட்டம்' என்று பெயர் வைத்தார்கள்.

சட்டத்தை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. அந்த ஒடுங்கிய உயர்ந்த வீட்டை உருவாக்கியதில் காசுக்கும் பெரும் பங்கு உண்டு. லண்டனைச் சுற்றியிருந்த நிலம் பிரபுக்கள் சிலரின் கையில் இருந்தது. அவர்கள் விற்கமாட்டார்கள், குத்தகைக்கு விடுவார்கள், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பெரும்பாலும் 99 ஆண்டுகளுக்கு. கட்டுமான வேலை நடக்கும் முதல் ஓரிரு ஆண்டுகளுக்குக் குத்தகைப் பணம் பெயரளவுக்குத்தான். பத்திரத்தில் அதற்கு எழுதும் தொகை ஒரு மிளகு. அந்த அவகாசத்துக்குள் மேஸ்திரி கூடு கட்டி, கூரை போட்டு, ஆள் பிடித்து விற்றுவிட வேண்டும். குத்தகை முடிந்தால் மண்ணோடு வீடும் பிரபுவின் பேரனுக்கே போய்ச் சேரும்.

தெருவைத் தொடும் அகலம்தான் விலை. ஆகவே முன்புறம் ஒடுங்கி, மனை பின்னோக்கி நீண்டது. பெரிய வீட்டுக்கே இருபத்து நான்கு அடி அகலம் போதும் என்றாயிற்று. முன்னால் ஓர் அறை, பின்னால் ஓர் அறை, ஓரத்தில் நடையும் படிக்கட்டும். இதையே மாடிக்கு மாடி அடுக்கினால் வீடு. கீழ்த்தளத்துக்குத் தோண்டிய மண்ணைக் கொட்டித் தெருவை மேடாக்கினார்கள். அதனால்தான் பல லண்டன் வீடுகளில் பின்தோட்டம் பள்ளத்தில் கிடக்கும். அதுதான் பழைய தரை. தெருவோ மனிதர்கள் போட்ட மேடு. நடைபாதைக்கு அடியில் நிலக்கரிக் கிடங்கு. கரிக்காரன் வீட்டுக்குள் கால் வைக்காமலே, பாதையில் பதித்த வட்ட இரும்பு மூடியைத் திறந்து மூட்டையைக் கவிழ்த்துவிட்டுப் போவான்.

இந்த அமைப்பில் குடும்பம் நடுவில்; வேலைக்காரர்கள் இரண்டு கோடியிலும். சமையலறை மண்ணுக்குக் கீழே, வேலைக்காரப் பெண்ணின் படுக்கை கூரைக்குக் கீழே. காலையில் நிலக்கரிக் கூடையும் வெந்நீரும் தூக்கிக்கொண்டு ஏறுவதும் அவள். இரவில் சாம்பலையும் கழிவையும் தூக்கிக்கொண்டு இறங்குவதும் அவள். 1810–11-இல் இங்கிலாந்தைச் சுற்றிய லூயி சிமோன் என்ற பிரெஞ்சுக்காரருக்கு, இந்த வீட்டுக்காரர்கள் மாடிக்கு மாடி ஓடுவது கூண்டில் பறவைகள் கிளைக்குக் கிளை தாவுவதுபோல் தெரிந்ததாம். நல்ல உவமைதான். ஆனால் அவர் பார்த்தது பறவைகளை. கூண்டைத் துடைத்துக்கொண்டிருந்தவளை அல்ல.

தரத்திலும் ஏமாற்று உண்டு. முகப்புக்கு நல்ல செங்கல் வேண்டும், அது விலை அதிகம். ஆகவே முழுச் செங்கல்லைப் பாதியாக உடைத்து முகத்தில் மட்டும் ஒட்டவைத்தார்கள். வெளியே பார்த்தால் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய கட்டு. உள்ளே மலிவுச் செங்கல்லோடு அதற்குப் பிடிமானமே இல்லை. தொண்ணூற்றொன்பது ஆண்டு நின்றால் போதும் என்ற கணக்கில் கட்டியவை இன்று இருநூறு ஆண்டு தாண்டி நிற்பது கட்டியவர்களுக்கே வியப்பாக இருக்கும்.

இப்படி இரு பக்கமும் பொதுச்சுவர் அடைத்த வீட்டுக்குத் தீராத ஒரு குறை உண்டு: வெளிச்சம். முன்னால் தெரு, பின்னால் முற்றம்; சன்னல் வைக்க இந்த இரண்டே வழி. அதிலும் 1696 முதல் 1851 வரை சன்னலுக்கு வரி. எண்ணிக்கை கூடினால் வரியும் கூடும். கண்ணாடிக்குத் தனி வரி, 1784-இலிருந்து செங்கல்லுக்கும் வரி. வீட்டின் நடுப்பகுதி பகலிலும் மங்கலாகவே கிடக்கும். படிக்கட்டின் உச்சியில் ஒரு கூரைக் கண்ணாடி போட்டுச் சமாளிப்பார்கள். அந்தச் சமாளிப்பை ஒரு கலையாக வளர்த்தவர்தான் ஜான் சோன்.

சோன் ஒரு கொத்தனாரின் மகன். 1753-இல் பிறந்தார்; பதினான்கு வயதில் தந்தையை இழந்தார். டான்ஸிடமும் பிறகு ஹென்றி ஹாலண்டிடமும் தொழில் கற்று, ராயல் அகாதமியின் தங்கப் பதக்கம் வாங்கி, 1778-இல் ரோம் போனார். 1784-இல் திருமணமானபோது தம் பெயரின் கடைசியில் ஓர் எழுத்தைக் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டார். காதுக்கு வித்தியாசம் தெரியாத எழுத்து. காகிதத்தில் மட்டும் கொஞ்சம் கௌரவம். முகப்பு என்றால் என்ன என்பது அவருக்குச் சிறு வயதிலேயே புரிந்திருந்தது போலும்.

மனைவி எலிசாவின் மாமா ஜார்ஜ் வையட் கட்டட ஒப்பந்தத்தில் சம்பாதித்தவர். 1790-இல் அவர் இறந்து சொத்து வந்தபின், 1792-இல் சோன் 12-ஆம் எண் வீட்டை வாங்கி இடித்துக் கட்டினார். அது அளவான குடும்ப வீடு. ஆசை அடங்கவில்லை. 1807-இல் பக்கத்து 13-ஆம் எண்ணை வாங்கினார். வாங்கியதும் அவர் செய்ததுதான் விநோதம். முன்வீட்டைத் தொடவில்லை, விற்றவரையே அதில் வாடகைக்கு இருக்க விட்டுவிட்டு, பின்னாலிருந்த குதிரை லாயத்தைக் கைப்பற்றி அங்கே வேலையைத் தொடங்கினார். 1823-இல் 14-ஆம் எண்ணை வாங்கியபோதும் அதே உத்தி: முன்பகுதியை வாடகை வீடாகக் கட்டிவிட்டு, பின்னாலிருந்த லாயத்தின் இடத்தைத் தம் வீட்டோடு சேர்த்துக்கொண்டார். ஆக, தெருவிலிருந்து பார்த்தால் மூன்று தனித்தனி வீடுகள். பின்னால் மூன்றின் வாலும் ஒன்றாகப் பின்னிக்கிடக்கும். சட்டம் கண்காணித்த முகத்தில் சில அடிதான் அவருக்குக் கிடைத்தது. சட்டத்தின் கண் எட்டாத லாயத்தில் அவர் ஒரு ராஜ்யத்தையே கட்டினார்.

லாயத்துக்கு ஒரு வசதி உண்டு. மேலே மாடி இல்லை. ஆகவே வானம் சொந்தம். 1808–09-இல் அங்கே எழுந்த குவிமாடப் பகுதி கீழ்த்தளத்திலிருந்து கூரை வரை தடையில்லாமல் திறந்திருக்கிறது. உச்சியில் கண்ணாடி. சுற்றிலும் சுவர் தெரியாத அளவுக்கு ரோமானியச் சிற்பத் துண்டுகள், தூண் தலைகள், சாம்பல் தாழிகள், சுதை வார்ப்புகள். கண்ணாடிகள் சிலவற்றுக்கு மஞ்சள் நிறம். லண்டனின் ஈயம் பூசிய வானம் அந்தக் கண்ணாடி வழியாக இறங்கும்போது இத்தாலியப் பிற்பகலாக மாறிவிடுகிறது. ரோமில் கழித்த இளமையைச் சோன் மறக்கவில்லை. பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்களிடமிருந்து அவர் எடுத்துக்கொண்ட சொல் ஒன்று உண்டு, 'மர்ம ஒளி'. எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் வந்து பொருளின் மேல் படியும் வெளிச்சம் அது.

அதற்குப் பக்கத்தில் மாணவர்களின் வரைபட அறை. இதை அவர் சுவரோடு ஒட்டாமல், கீழே வரிசைத் தூண்களின் மேல் ஒரு மேசைபோல் நிறுத்தினார். அறைக்கும் பக்கச் சுவருக்கும் நடுவே இடைவெளி. கூரைக் கண்ணாடியில் விழும் வெளிச்சம் மேலே வரைகிறவனின் காகிதத்துக்கும் உதவி, மிச்சம் இடைவெளி வழியாக வழிந்து கீழ்த் தளத்துக்கும் போய்ச் சேர்கிறது. ஒரே வெளிச்சத்தை இரண்டு முறை செலவழிக்கும் சிக்கனம். கொத்தனார் வீட்டுப் பிள்ளைக்கே இது தோன்றும்.

ஆனால் அவருடைய திறமையின் உச்சம் 13-ஆம் எண்ணின் காலையுணவு அறைதான். சின்ன அறை. நடுவில் நான்கு மெல்லிய தூண்களின் மேல், விரித்த குடைபோல ஓர் ஆழமில்லாத குவிமாடம். சாதாரணமாகக் குவிமாடம் சுவரில் போய் உட்காரும். இங்கே அது சுவரைத் தொடுமுன்பே நின்றுவிடுகிறது. குடைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள ஓரத்தில், மேலே மறைந்திருக்கும் கண்ணாடிகள் வழியாக வெளிச்சம் சுவரின் மேல் மட்டும் இறங்குகிறது. உட்கார்ந்திருப்பவருக்கு நிழல், மாட்டியிருக்கும் படங்களுக்கு ஒளி. குடையின் நான்கு மூலைகளிலும் வட்டக் குவியாடிகள். அவற்றில் முழு அறையும் ஒரு துளிக்குள் சுருண்டு தெரியும். இந்த ஓர் அறையில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட கண்ணாடித் துண்டுகள் இருக்கின்றன. இடத்தைப் பெரிதாக்க முடியாதவன் எல்லையை அழிக்கிறான். நான்கு சுவர் எங்கே முடிகிறது என்று கண்ணுக்குப் பிடிபடாதபடி செய்துவிடுகிறான். இதே தாழ்ந்த குவிமாடத்தைத்தான் மனைவியின் கல்லறைக்கும் செயின்ட் பாங்க்ராஸ் பழைய இடுகாட்டில் சோன் வைத்தார். பின்னாளில் கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட் சிவப்புத் தொலைபேசிக் கூண்டை வடிவமைத்தபோது அதன் தலைக்கு மாதிரி அந்தக் கல்லறைதான் என்பது பலரும் ஒப்பும் கருத்து. இந்த வீடு பிற்பாடு அருங்காட்சியகமானது; ஸ்காட் அதன் அறங்காவலராகவும் இருந்தவர்.

14-ஆம் எண்ணின் லாயம் இருந்த இடத்தில் 1824-இல் எழுந்தது ஓவிய அறை. ஏறக்குறைய 14 அடிக்கு 12 அடி. அதில் 118 படங்கள். கணக்கு உதைக்கிறதே என்று தோன்றும். சுவர்களே அங்கே கதவுகள். கீல் பொருத்திய பலகைகளில் இரு பக்கமும் படம்; திறந்தால் உள்ளே இன்னோர் அடுக்கு. ஓவியர் ஹோகார்த் ஒரு பணக்கார இளைஞனின் சீரழிவை எட்டுப் படங்களில் சொன்ன புகழ்பெற்ற தொடர், சோன் 1802-இல் வாங்கியது, இங்கேதான் இருக்கிறது. தெற்குச் சுவரின் கடைசிப் பலகையையும் திறந்தால் படமே இல்லை. சுவரே இல்லை. ஒரு பள்ளம் திறந்து, கீழ்த்தளத்தின் அறை காலடியில் தெரியும். முதல் முறை வருகிறவர்கள் ஓர் அடி பின்வாங்குவது இங்கேதான்.

அதே ஆண்டு வீட்டுக்குள் வந்த ஒரு பொருளுக்காகப் பின்சுவரையே உடைக்க வேண்டியிருந்தது. எகிப்திய மன்னன் முதலாம் சேத்தியின் கல் பேழை, 1817-இல் பெல்சோனி என்ற இத்தாலியர் கண்டெடுத்தது. பிரிட்டிஷ் அருங்காட்சியகம் விலை கேட்டு ஒதுங்கிக்கொள்ள, சோன் 2,000 பவுண்டு கொடுத்து வாங்கிக் குவிமாடத்தின் அடியில், கீழ்த்தளத்தில் வைத்தார். 1825 மார்ச்சில் மூன்று இரவு விருந்து. ஏறத்தாழ 890 பேருக்கு அழைப்பு. வீடு முழுக்க நூற்றுக்கணக்கான எண்ணெய் விளக்குகள். பேழை ஒளி ஊடுருவும் வெண்கல். உள்ளே விளக்கு வைத்தால் கல்லே உள்ளிருந்து எரிவதுபோல் இருக்கும். பக்கத்து வீடுகள் கரியும் சமையல் பாத்திரமும் வைத்திருந்த அதே மட்டத்தில், பூமிக்கு அடியில், சோன் ஒரு ராஜாவின் சவப்பெட்டியைச் சுற்றி ஊரையே நடக்கவிட்டார். சற்று நாடகக்காரர்தான், மறுப்பதற்கில்லை.

வீட்டின் பிற்கதை அத்தனை ஒளியானதல்ல. இளைய மகன் ஜார்ஜ் 1815-இல் பெயர் போடாமல் பத்திரிகையில் தந்தையின் கட்டடங்களைக் கிழித்து எழுதினார். சில வாரங்களில் எலிசா இறந்தார். கட்டுரைதான் அவரைக் கொன்றது என்று முடிவு கட்டிய சோன், அந்தத் தாளைச் சட்டம் போட்டு மாட்டிவைத்தார். மூத்த மகன் ஜான் 1823-இல் போய்ச் சேர்ந்தார். வீடு ஜார்ஜின் கைக்குப் போகக்கூடாது. அதற்கு உயில் போதாது என்று நினைத்து, நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே கொண்டுவந்தார். மகனின் பக்கம் உறுப்பினர் வில்லியம் காபெட் அவையில் வாதாடியும், 1833-இல் சட்டம் நிறைவேறியது: வீடும் சேகரிப்பும் நாட்டுக்கு, அவர் இறக்கும்போது இருந்த நிலையிலேயே கூடியவரை காக்கப்பட வேண்டும். 1837 ஜனவரியில் அவர் அதே வீட்டில் இறந்தார். ஒரு சட்டத்தோடு மல்லுக்கட்டிக் கட்டிய வீடு, இன்னொரு சட்டத்தால் உறைந்தது.

உறைந்தது என்றாலும் பிற்காலக் காப்பாளர்கள் அங்குமிங்கும் கை வைக்காமலில்லை. மாடியில் சோன் தம்பதியின் அறைகள் நெடுநாள் அலுவலகமாக இருந்து, பின்னர் மீட்கப்பட்டு 2015-இல்தான் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டன. காப்பாளர்களில் ஒருவர் ஜான் சம்மர்சன். 1945 முதல் 1984 வரை பொறுப்பிலிருந்தார். ஜார்ஜிய லண்டனின் வரிசை வீடுகள் எப்படி நிலக் குத்தகையாலும் சட்டத்தாலும் வடிவம் பெற்றன என்பதைப் புத்தகமாக எழுதி வைத்தவர் அவர்தான். அந்த விதிக்கு அடங்காத வீட்டில் அவருக்கு உத்தியோகம் வாய்த்தது ஒரு சுவையான தற்செயல்.

வெளியே வந்து நடைபாதையில் நின்று பார்த்தால், கின்னார்டின் கண்ணை உறுத்திய கல் முகம் இன்னும் வரிசையை விட்டுச் சற்று முன்னே நிற்கிறது. இரண்டாம் மாடி மட்டத்தில், ஏதென்ஸின் எரெக்தியோன் கோயில் சிற்பங்களை ஒட்டிச் செய்த இரண்டு பெண் உருவங்கள். அவை கல் அல்ல, எலினர் கோட் அம்மையாரின் லாம்பெத் ஆலையில் சூளையில் சுட்ட செயற்கைக் கல். அவற்றுக்குக் கீழே, வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்திலிருந்து கழற்றப்பட்ட பதினான்காம் நூற்றாண்டுத் தாங்குகற்கள், எதையும் தாங்காமல் சும்மா பதிந்திருக்கின்றன. முதலில் அந்த வளைவுகளுக்குக் கண்ணாடி கிடையாது. தெற்கு வெயிலில் நின்று சதுக்கத்து மரங்களைப் பார்க்கும் திறந்த தாழ்வாரங்களாகவே சோன் அவற்றைக் கட்டினார். லண்டன் குளிரில் எத்தனை நாள் அங்கே நிற்க முடியும்? பிற்காலத்தில் அவரே அவற்றுக்குச் சன்னல் போட்டு அடைத்து, அறைகளோடு சேர்த்துக்கொண்டார். வழக்கு நடந்த அந்தச் சில அடியில் இப்போது நூலகத்தின் தரை ஓடுகிறது.